ஆயிரம் மகள்மாரின் தாய்: எலைசா அக்னியூ அம்மையாரும் பற்றின்மையின் பொருளும்

நூற்றாண்டு மலர் ஒன்றைக் கையிலெடுக்கும் எவரும் அதில் முதலில் தேடுவது சேர்த்தவற்றின் கணக்கையே. எழுந்த கட்டடங்கள், வென்ற கேடயங்கள், பல்கலைக்கழகம் புகுந்தோர், நாடு நாடாய்ப் பெருகிய கிளைச் சங்கங்கள் என்று அக்கணக்கு நீளும். அது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இந்த மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே வேறொரு கணக்கு இருக்கிறது. நமக்கு முன் வந்தவர்கள் எவற்றை விட்டார்கள், எவற்றை இறுதிவரை விடவில்லை என்ற கணக்கு அது.

தனக்குள்ள யாவற்றையும் விட்டுவிடாதவன் தமக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று இயேசு கூறியதாக லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. கேட்பதற்குக் கடினமான போதனை இது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வீடு வாசல் வைத்திருக்கும் எவரும் சீஷராக முடியாது. நயமாக விளக்கிவிட்டால் அதில் எதுவும் மிஞ்சாது. இவ்விரண்டுக்கும் நடுவே அந்தப் போதனையை வாழ்ந்து காட்டிய ஒருவர் உடுவில் மண்ணில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் படிப்பித்தார். அவர் பெயர் எலைசா அக்னியூ.

தேசப்படத்தில் ஒரு தீவு

அமெரிக்காவிலிருந்து வெளிநாடு புறப்பட்ட முதல் மிஷனறிக் குழு 1812ஆம் ஆண்டு கல்கத்தாவை வந்தடைந்தது. கிழக்கிந்தியக் கொம்பனி அவர்களை அங்கே தங்க விடவில்லை. அக்குழுவில் ஒருவரான சாமுவேல் நியூவெல் தம் இளம் மனைவி ஹரியற்றுடன் இன்று மொரீசியஸ் என அழைக்கப்படும் தீவுக்குப் புறப்பட்டார். கப்பலில் பிறந்த அவர்களது குழந்தை சில நாட்களில் இறந்தது. தீவை அடைந்த பின் 1812 நவம்பர் 30ஆம் திகதி தாயும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஒரு பிள்ளைக்குக்கூட எழுத்தறிவிக்காமல், ஓர் ஆத்துமாவுக்குக்கூடப் போதிக்காமல் முடிந்துபோன வாழ்வு என்றே அன்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

அந்தக் கல்லறையிலிருந்து இரு வழிகள் யாழ்ப்பாணத்தை நோக்கிப் பிரிந்தன. மனைவியை இழந்த நியூவெல் அடுத்த ஆண்டு இலங்கைக்கு வந்து பல மாதங்கள் தங்கினார். யாழ்ப்பாணத்தையும் பார்த்தார்; மிஷன் வேலைக்கு ஏற்ற இடம் என்று தம் சங்கத்துக்கு எழுதினார். அதன் பயனாகவே 1816இல் அமெரிக்கன் மிஷன் இங்கு வந்தது. அது ஒரு வழி.

மற்றைய வழி நியூ யோர்க் நகரத்து வகுப்பறை ஒன்றின் வழியாக வந்தது. பூமிசாஸ்திரப் பாடம் நடத்திய ஆசிரியர் தேசப்படத்தில் அந்தத் தீவைக் காட்டி, ஹரியற் நியூவெல் இறந்த இடம் இதுதான் என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த 8 வயதுச் சிறுமி, கடவுளுக்குச் சித்தமானால் தானும் மிஷனறியாகப் போவேன் என்று மனதில் தீர்மானித்தாள். 1807இல் பிறந்த எலைசா அக்னியூதான் அச்சிறுமி.

காத்திருந்த ஆண்டுகள்

8 வயதில் எடுத்த தீர்மானம் நிறைவேற 24 ஆண்டுகள் பிடித்தன. எலைசா தம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையில் இருந்தார். அவர்கள் இருவரும் காலமான பின்னரே, 32ஆவது வயதில், தாம் புறப்படலாம் என்று கண்டார்.

இந்தக் காத்திருப்பை அவருடைய தியாகக் கதைக்கு ஒரு முன்னுரை என்று எண்ணிக் கடந்துபோவது எளிது. உண்மையில் அவருடைய சீஷத்துவம் அங்கேதான் தொடங்கியது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிக் கடவுளின் பெயரால் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். உள்ளதையெல்லாம் விடச் சொன்னவரே இதையும் சொன்னார். பொருளை விடலாம், ஊரை விடலாம், பெயரை விடலாம். நம்மை நம்பியிருக்கும் மனிதரை விட்டுவிட்டு அதற்குத் துறவு என்று பெயரிட முடியாது. எலைசா இந்த இரண்டையும் பிரித்தறிந்தார். அதனால்தான் தாம் விரும்பிய ஊழியத்தையே 24 ஆண்டுகள் தள்ளிவைக்க அவரால் முடிந்தது. தன் நல்ல ஆசையையும் இறுகப் பிடித்துக்கொள்ளாதிருத்தல் பற்றின்மையின் மிகக் கடினமான பகுதி.

1839 யூலை மாத இறுதியில் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறி, 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாமல் இந்த மிஷனுக்கு வந்த முதற் பெண்களுள் அவரும் ஒருவர்.

அவர் வருமுன் விதைக்கப்பட்டது

அவர் பொறுப்பேற்ற விடுதிப் பாடசாலை 1824இல் திருமதி ஹரியற் வின்ஸ்லோவினால் உடுவிலில் தொடங்கப்பட்டது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. மிஷன் வீட்டில் தையல் பழக வந்த இரு சிறுமிகள் பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் அன்றிரவு அங்கேயே உண்டு தங்க நேர்ந்தது. அதிலிருந்தே விடுதி பிறந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்நிய வீட்டில் ஒரு நேரம் உண்பதே சாதியாசாரத்தை உடைக்கும் செயலாகக் கருதப்பட்ட நாட்களில், பிள்ளைகளை அங்கே விட்டுவைத்த பெற்றோரும் தம்மிடமிருந்த ஒன்றை விட்டவர்களே. அவர்கள் விட்டது ஊரார் மத்தியிலிருந்த மதிப்பை. காணி பூமியைவிட யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெறுமதி அதிகம்.

திருமதி வின்ஸ்லோ கொடுத்த விலையும் சிறிதன்று. உடுவிலில் 1821இல் பிறந்த அவரது மூத்த மகன் சாள்ஸ், சிறுவனாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு 1832 மே மாதம் அங்கே இறந்தான். கடிதம் ஒன்று கடல் கடந்து வரப் பல மாதங்கள் பிடித்த காலம். அடுத்த சனவரி 14ஆம் திகதி, 36 வயதில், திருமதி வின்ஸ்லோவும் உடுவிலில் கண்மூடினார். அவருடைய தங்கைமார் மூவரும் இதே மிஷனின் ஊழியத்துக்கென யாழ்ப்பாணம் வந்தார்கள். அவருக்குப் பின் ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைக் காத்துவந்தனர். எலைசா அக்னியூ அவர்களோடு வந்து இணைந்தார்.

நாற்பது ஆண்டுகளும் ஓய்வில்லாத விடுமுறைகளும்

1840 முதல் 1879 வரை அக்னியூ அம்மையார் உடுவிலில் பணியாற்றினார். இடையில் ஒருமுறையேனும் தாய்நாடு செல்லவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, வேலை நிறைய இருக்கிறது, நேரமில்லை என்பதே அவரது பதிலாக இருந்ததாகச் சொல்வார்கள். தியாகத்தைப் பற்றி அவர் பேசியதாகத் தெரியவில்லை. விட்டுவந்ததை எண்ணிக்கொண்டிருப்பவர் அதை இன்னும் முழுதாக விடவில்லை என்பதை அவருடைய மௌனம் உணர்த்துகிறது.

மிஷனறிமாரின் வாழ்க்கையை நாம் மிகைப்படுத்தவும் கூடாது. அவர்கள் வறுமை நோன்பு பூண்டவர்கள் அல்லர். 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் ஏழ்மை என்னும் வார்த்தைப்பாட்டின் கீழ் வாழ்ந்தார்கள். அமெரிக்கன் மிஷன் ஊழியருக்கோ சங்கம் படி கொடுத்தது. அயலிலுள்ள மண்வீடுகளோடு ஒப்பிட்டால் அவர்களுடைய வளவு விசாலமானது. ஆகவே அம்மையாரின் பற்றின்மையை அவரிடம் என்ன பொருள் இருந்தது, என்ன இருக்கவில்லை என்று எண்ணி அறிய முடியாது. தம் நேரத்தையும் தம் அன்பையும் எங்கே செலவிட்டார் என்பதைக் கொண்டே அறியலாம்.

விடுமுறை வந்ததும் அவர் குளிர்மையான இடம் தேடிப் போகவில்லை. படித்து வெளியேறிய பிள்ளைகளின் கிராமங்களுக்குப் போனார். அவர்களுடைய வீடுகளில் இருந்து பேசினார், பிரார்த்தித்தார். தாயைப் படிப்பித்தவர் மகளைப் படிப்பித்தார். சில குடும்பங்களில் பேர்த்தியையும் படிப்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவர் கையால் கற்றார்கள். அவர்களுள் 600 பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாகப் பாடசாலையை விட்டுச் சென்றனர் என்று அவருடன் வாழ்ந்தவர்கள் பதிந்துள்ளனர். ஆசிரியைகளாகவும், போதகர்மாரின் துணைவியராகவும், வீடு வீடாய்ச் சென்று வாசிப்புப் பழக்கிய வேதாகமப் பெண்களாகவும் அவர்கள் பரந்தார்கள். ஒரு பிள்ளையும் பெறாத அவரை ஆயிரம் மகள்மாரின் தாய் என்று உலகம் அழைத்தது இதனால்தான்.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தீர்மானங்களால் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்விக்கு மிஷன் செலவிடுவது குறைந்தது; உடுவிலும் அத்தாக்கத்துக்கு உட்பட்டது. தாம் கட்டியதைத் தூரத்தில் இருப்பவர்கள் சுருக்கும்போது மனம் கசந்து விலகிப்போவது மனித இயல்பு. அம்மையார் இருந்த இடத்திலேயே இருந்து, இருந்த பிள்ளைகளைப் படிப்பித்தார். தம் பாடசாலையைத் தம் உடைமையாக அவர் எண்ணவில்லை.

சீதனமும் பிடி அரிசியும்

அந்நாட்களைப் பற்றி நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்றுண்டு. பாடசாலையின் ஆரம்ப காலத்தில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவ விவாகம் செய்யும் பெண்ணுக்கு மிஷன் ஒரு சிறு சீதனம் கொடுத்தது. சீதனமில்லாப் பெண்ணை யாழ்ப்பாணம் ஏற்காது என்பதை மிஷனறிமார் கண்டுகொண்டார்கள். உள்ளதை விட்டுவரச் சொன்ன சுவிசேஷத்தைப் போதித்த பாடசாலை, உள்ளதைக் கொண்டுவரச் சொன்ன ஊரோடு இப்படிச் சமரசம் செய்தது. பின்னர் அந்த உதவி நின்றது; சீதனம் நிற்கவில்லை. படித்த பெண், தன் படிப்போடு காணி, வீடு, நகை என்பவற்றையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டியவளானாள்.

ஆயினும் அதே மகள்மாரிடம் வேறொரு பழக்கமும் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உலையிலிட அரிசி அளக்கும்போது அதில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள். சேர்ந்த அரிசியைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் உதவியது. சில குடும்பங்கள் வளவிலே ஒரு மரத்தை ஒதுக்கி, அதன் பலனைக் கர்த்தருக்கென்று விட்டன.

கணவனின் வருமானத்தில் உரிமை கேட்க முடியாத, தன் பெயரிலுள்ள சீதனக் காணியையும் தனித்து விற்க முடியாத ஒரு பெண்ணின் கையில் இருந்தது அடுப்படி மட்டுமே. அந்த அடுப்படியிலிருந்து அவள் தன் பங்கை விட்டாள். அவள் கொடுத்தது மிஞ்சியதை அன்று; சமைக்குமுன் எடுத்ததை. மிச்சத்தைக் கொடுப்பவருக்கு எதுவும் குறைவதில்லை. முதலில் எடுத்து வைப்பவரோ ஒவ்வொரு நாளும், இது முழுவதும் எனக்கே உரியதன்று என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். லூக்கா 14ஆம் அதிகாரத்தின் கடினமான போதனைக்கு நம் பாட்டிமார் எழுதிய விளக்கவுரை அந்தப் பிடி அரிசி.

அயலிலே இன்னொருவர்

பற்றறுத்தல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று என்பதையும் இங்கே சொல்வது முறை. நம் சங்கத்தில் சைவச் சகோதரிகள் பலர் உளர். அம்மையார் உடுவிலில் படிப்பித்த அதே காலத்தில், 1848இல், வெஸ்லியன் மிஷனில் தமக்கிருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் ஆறுமுக நாவலர். அவரும் மணம் செய்யவில்லை. தமக்கெனச் சொத்துச் சேர்க்கவில்லை. வீடு வீடாய்ப் பிடி அரிசியும் பணமும் தண்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தார். மிஷனின் போதனையை நாவலர் வன்மையாக எதிர்த்தார் என்பது வரலாறு. மதம் மாறிய பிள்ளைகளால் குடும்பங்கள் பட்ட துயரமும் வரலாறே. ஆனால் இரு தரப்பிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கற்றது, தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத மனிதரின் கையால். நாவலர் காலமான 1879ஆம் ஆண்டே அம்மையாரும் ஓய்வு பெற்றார்.

மானிப்பாயில் இறுதி நாட்கள்

ஓய்வு பெற்ற பின்னும் அவர் அமெரிக்கா திரும்பவில்லை. பெற்றோரும் வீடும் அங்கே இல்லை; மகள்மார் இங்கே இருந்தார்கள். 1880இல் வந்த மேரி, மார்கிரற் லீச் சகோதரிகளின் மானிப்பாய் இல்லத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1883 யூன் மாதம், 76ஆவது வயதில் அவர் காலமானார். நோயுற்றிருந்தபோது தமக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டதற்கு, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி கூறினார் என்று அருகிருந்தோர் எழுதியுள்ளனர். வீடு நிறைய அவரிடம் படித்த பெண்கள் கூடியிருந்தார்கள். வீட்டையும் தாயையும் பிள்ளைகளையும் விட்டவர்கள் நூறத்தனையாய் அவற்றைப் பெறுவார்கள் என்ற வாக்குத்தத்தம் அந்த முற்றத்தில் கண்முன் நின்றது.

இழந்ததும் விட்டதும்

நம் தலைமுறை பற்றின்மை என்ற சொல்லைக் கேட்கும்போது மனதில் வருவது வேறு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒரே பாதையில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. ஒரு பை, ஒரு குழந்தை, இயலாத ஒரு முதியவர் என்று கையில் கொண்டுபோகக் கூடியது மட்டுமே மிஞ்சியது. அதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு ஊர்களில் அவ்வாறே நடந்தது. வீட்டின் திறப்பை இன்னும் பெட்டியில் வைத்திருப்போர் நம்மிடையே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

அப்படி இழந்தவர்களிடம் பொருளின் மேல் பற்று வைக்காதே என்று போதிப்பது கொடுமை. பறிக்கப்பட்டது வேறு, விட்டுக் கொடுத்தது வேறு. அக்னியூ அம்மையார் தாமாக விட்டார்; நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பறித்தவர்களுக்கு அது நீதியாகிவிடாது. இழந்த காணியை மீளக் கேட்பதும் பேராசையாகாது.

ஆனால் இழந்த பின் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்தவருக்கு இரு பாதைகள் திறக்கின்றன. இனி ஒருபோதும் இழக்கமாட்டேன் என்று இருமடங்காய்ச் சேர்த்துப் பூட்டி வைப்பது ஒன்று. அந்த நாட்களில் நாவற்குழியிலும் கைதடியிலும் சாவகச்சேரியிலும் முன்பின் அறியாதவர்களுக்குத் தம் விறாந்தையைத் திறந்துவிட்ட குடும்பங்களை நினைத்து, நாமும் கதவைத் திறப்பது மற்றையது. முதற் பாதையில் போகும் ஒருவரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும் நம்மைப் படிப்பித்த பாடசாலையின் வழி இரண்டாவதுதான்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. மகளின் திருமணப் பேச்சில் சீதனம் என்ற சொல்லை நம் வாயால் எடுக்காதிருப்பது ஒன்று. மகனின் திருமணப் பேச்சில் எடுக்காதிருப்பது அதைவிடப் பெரியது. பாடசாலைக்குக் கொடுக்கும்போது கல்வெட்டில் பெயர் வருமா என்று கேளாமல் கொடுப்பது இன்னொன்று. மாதச் சம்பளம் வந்ததும், செலவுக் கணக்குப் போடுமுன், தகப்பனை இழந்த ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கென ஒரு பிடியை எடுத்து வைப்பது வேறொன்று. ஊரில் தனித்திருக்கும் வயதான தாய் தகப்பனைப் பணத்தோடு மட்டும் விட்டுவிடாமல், போய் அருகில் இருப்பதும் இதில் சேரும். 24 ஆண்டுகள் பெற்றோருக்காகக் காத்திருந்தவரின் மகள்மார் நாம்.

எலைசா அக்னியூ அம்மையார் நமக்குக் காணியோ நிதியமோ எழுதிவைக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்து முழுவதும் மனிதராகவே இருந்தது. அந்த ஆயிரம் பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களிடம் கற்றவர்களும் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். நூறு ஆண்டு நிறைவில் நம் சங்கத்தின் இருப்புக் கணக்கை எழுதும் வேளையில், அந்தச் சொத்தில் நம் பங்கை யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்வோமாக.